படம் வர்றதுக்குள்ள

இல்லக்கா, நான் போலீஸ் இல்ல. பத்திரிகையும் இல்ல. வெப்சைட் செய்யறவ. காணாமப் போனவங்களைத் தேடற சங்கம் ஒண்ணு இருக்கில்ல, அவங்க சைட்டை நான்தான் பாத்துக்கறேன். ஆமா, போன வருஷம் உங்க போன்ல திறந்தீங்களே, அதேதான்.

எழுந்துக்காதீங்க. உங்களைக் குத்தம் சொல்ல வரல. கடைக்கு ஆள் வந்தா நிறுத்திக்கறேன்.

அந்தப் பெரியவரு இந்த ஜன்னலோர மேசையில உக்காந்திருந்தாருன்னு ஸ்டேஷன்ல சொல்லியிருக்கீங்க. ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல ஷூ. ஆளு ஒரு மாதிரியா இருக்காரேன்னு நீங்க பாத்துக்கிட்டிருக்கறப்பவே போன்ல செய்தி வருது. காணவில்லை, எழுபத்தோரு வயசு, ஞாபக மறதி உள்ளவர், படம் உள்ளேன்னு. தொட்டீங்க. சங்கத்தோட பேரு கொட்டை எழுத்துல வந்துச்சு. அப்புறம் தலைவரு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற பெரிய படம். அப்புறம் உதவி செஞ்ச கம்பெனிங்களோட சின்னம் ஒண்ணொண்ணா. முகம் வரவேண்டிய இடத்துல மட்டும் சாம்பல் கலர்ல ஒரு கட்டம், நடுவுல சக்கரம் சுத்திக்கிட்டு.

எவ்வளவு நேரம் பாத்தீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்குத் தெரியும். அம்பத்திரண்டு செகண்டு. எது போய்ச் சேந்துச்சு, எது சேரலன்னு எல்லாம் எங்ககிட்ட பதிவாயிடும். அந்த நேரத்துல இந்த ஏரியாவுலேருந்து திறந்தது ஒரே ஒரு போன். தலைவரு முழுசா வந்துட்டாரு. சின்னம் பதினொண்ணும் வந்துடுச்சு. பெரியவரு முகம் பாதிகூட வரல, அதுக்குள்ள அவரு எழுந்து போயிட்டாரு.

நெட் சரியில்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நெட் எப்பவும் போலத்தான்க்கா இருந்திருக்கு. ஒரு பக்கத்தைத் திறந்தா எல்லாப் படமும் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு நிக்கும். எதை முதல்ல விடணும்னு நாமதான் சொல்லணும். நான் சொல்லல. போதாக்குறைக்கு, கீழ இருக்கற படமெல்லாம் நிதானமா வந்தாப் போதும்னு ஒரு வார்த்தை எழுதுவோம். எங்க தொழில்ல அதுக்குப் பேரே சோம்பல்தான். ஆமா, சிரிப்பா இருக்கும். நானும் சிரிச்சிருக்கேன். அதைக் காணாமப் போனவங்க எல்லாரோட முகத்துலயும் ஒட்டிவெச்சது நான்தான். ஆபீஸ்ல வேகமான லைன்ல திறந்து பாத்தேன், டக்குனு வந்துச்சு, சரின்னு விட்டுட்டேன்.

அப்புறம் மாத்தினேன். சோம்பலை எடுத்துட்டு, இதுதான் முக்கியம், இதை முதல்ல கொண்டான்னு ஒரு சொல்லு. மூணு நிமிஷ வேலைக்கா. இப்ப உங்க போன்ல ஒண்ணரை செகண்டுல வந்துடும். திறந்து பாக்கறீங்களா?

வேண்டாமா. சரி.

நான் தினமும் திறக்கறேன். அதுக்குன்னே ஒரு பழைய போன் வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் முகம் வந்துடுது. ஆனா கண்ணை மூடினா கட்டம்தான் நிக்குது. பல் தேய்க்கறப்ப, சிக்னல்ல நிக்கறப்ப. போன வாரம் கண்ணாடியில என் முகம் வர ஒரு நொடி லேட்டான மாதிரி இருந்துச்சு. நின்னு காத்துக்கிட்டிருந்தேன், பைத்தியம் மாதிரி.

மூணாம் நாள் அவரு உடம்பைக் கால்வாய்லேருந்து எடுத்தாங்க. அதுலேருந்து நீங்க இந்த மேசையில யாரையும் உக்கார விடறதில்லையாமே. நான்தான் போக விட்டுட்டேன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றீங்களாம். எதிர்க்கடைக்காரர் சொன்னாரு. நீங்க விடலக்கா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. காட்ட வேண்டியதை நான் காட்டல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? எழுந்து போறப்ப ஏதாவது சொன்னாரா? ஸ்டேஷன் தாள்ல அது இல்ல.

ஸ்கூல் விடற நேரமாச்சுன்னாரா.

ம்.

மக ஸ்கூல் வாசல்லயே நிப்பா, லேட்டாப் போனா அழுவான்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரா. அதான் நீங்களும் போகட்டும்னு இருந்துட்டீங்க. பேத்தியைத்தான் அப்படிச் சொல்றாருன்னு நெனச்சிருப்பீங்க.

இல்லக்கா, அவருக்குப் பேத்தி கிடையாது. மக ஒருத்திதான், நான். இந்த மாசத்தோட முப்பத்தெட்டு முடியுது.