கூரை குடித்த மழை

“கூரைக்கும் ஒரு குடை வேணும்னு எனக்கு யாரும் சொல்லலையே மச்சான்!”

காத்ர் போர்ன் நிலையத்தில் ரயில் ஏறிய ஒரு சிறு கரும்புத் தோட்டக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் இப்படிச் சொன்னார். அவர், தோட்டக்காரருடைய மகளின் ஈமக் காரியத்துக்கு வர முடியாமல் போன மைத்துனர் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

“சிக்லோன் புயல்ல ஓலை வீடு பறந்துடுச்சேன்னுதான் காங்கிரீட் போட்டேன். இனி எந்தக் காத்தும் அசைக்காதுன்னு ஊரே வந்து பாத்துச்சு.”

“காத்து அசைக்கலையே.”

“அசைக்கல. மேல தேங்கின மழைத்தண்ணிதான் கொஞ்சங் கொஞ்சமா உள்ள இறங்கிச்சு. கம்பி துருப்பிடிச்சு வீங்கி, காங்கிரீட்டைப் பொளந்துடுச்சு. மக பத்மா கீழ உக்காந்து தலை சீவிக்கிட்டிருந்தா.”



“கூரை மேல தார் பூசியிருந்தா?”

“தண்ணி இறங்கியிருக்காதாம். இடிஞ்சதை அள்ள வந்த கொத்தனார் சொன்னார். கட்டினவர் சொல்லல.”

“இப்ப எங்க போறீங்க?”

“வக்குவா கடைத்தெருவுல தார் வாங்கப் போறேன். மகனும் பக்கத்துலயே காங்கிரீட்ல ஒரு அறை கட்டியிருக்கான். மருமக மாசமா இருக்கா. மழைக்கு முன்னாடி பூசிடணும்.”

“அக்கா அந்த அறையிலயா படுக்குது?”

“மாட்டுக் கொட்டகையில படுக்குறா. ஓலை மேல விழுந்தா தட்டிட்டு எழுந்திருக்கலாம்ங்கிறா. மருமகளையும் தினம் அங்க கூப்பிடுவா.”

தோட்டக்காரர் இறங்குவதற்கு எழுந்தார்.

“நேத்து மருமகளும் பாயை எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்குப் போயிட்டா.”