பச்சை எழுத்து

— இங்க பாருடி, ஊசி கையில இருக்கு. கட்டில்ல இருக்கற மனுஷனுக்கு நினைவில்ல. இந்த மருந்து ஆகாது, முன்ன ஒரு தடவை தொண்டை வீங்கிப்போச்சுன்னு அவர் சம்சாரம் அழறாங்க. எங்க ஆஸ்பத்திரிக்கு நீ புரோகிராம் எழுதின ஸ்கிரீன் ‘அலர்ஜி: எதுவும் இல்லை’ன்னு பச்சையில காட்டுது. நான் யாரை நம்பறது?

— அந்தம்மாவை நம்பு. ஊசியைக் கீழ வை அக்கா.

— வெச்சுட்டேன். வேற மருந்து எழுதச் சொல்றேன்.

— இரு, இரு. அவர் பழைய கட்டடத்துலேருந்து மாத்தினவரா?

— இந்த வார்டே அங்கேருந்து வந்ததுதான்.

— ஐயோ. அங்க பேரு, வயசு, ரத்த வகை எல்லாம் பதிஞ்சாங்க. அலர்ஜியைக் கேக்கவே இல்ல. பதிவுல அப்படி ஒரு இடமே கிடையாது. புரோகிராம் போய்த் தேடும், கிடைக்காது, அப்படியே நின்னுடும்... என்ன அங்க மணி அடிச்சுக்கிட்டே இருக்கு?

— பக்கத்து கட்டில் பெரியவர். தனி ஆள் பாவம், எதுக்கெடுத்தாலும் அடிப்பாரு. நீ சொல்லு. போன வாரம் பூரா நின்னுச்சே, நான்கூட உன் உயிரை வாங்கினேனே.

— அதுக்குத்தான் நேத்து ஒரு வரி மாத்தினேன். தேடினது கிடைக்கலைன்னா நிக்காதே, இந்தச் சொல்லைக் காட்டிட்டு மேல போன்னு.

— எந்தச் சொல்லை?

— ‘எதுவும் இல்லை’.

— அடிப்பாவி. ‘தெரியாது’ன்னு போடறதுக்கென்ன?

— தோணலக்கா. ஸ்கிரீன் நிக்கக்கூடாது, நீ திட்டக்கூடாது, அவ்வளவுதான் என் மண்டையில இருந்துச்சு.

— சரி, சரி, அழாதே. அந்தம்மா வாயைத் திறந்தாங்க, தப்பிச்சோம். முதல்ல அதை மாத்து.

— மாத்திட்டுதான் இருக்கேன். அக்கா, இன்னிக்கு இந்த மருந்தை வேற யாருக்காவது போட்டியா?

— பெரியவருக்குப் போட்டேன். இப்பத்தான், உனக்கு போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்ன.

— அவர்கிட்ட கேட்டியா?

— அவருக்குப் பேச்சு வராதுடி. கேக்கறதுக்கு வீட்டு ஆளும் யாரும் வரல. ஸ்கிரீனைப் பார்த்தேன், பச்சையா இருந்துச்சு, போட்டுட்டேன்.

— அக்கா, அந்த மணி நின்னுடுச்சு.