குளியலறை வாசலில் ஒரு கறுப்புக் கல்

ஹலோ... ஹலோ, அக்காதான்டா பேசுறேன். வைக்காத... மீட்டிங்கா? இருந்துட்டுப் போகட்டும். நீ கட்டின முதியோர் இல்லத்துல, அப்பா ரூம்ல நிக்கிறேன்... ஆமா, ஆமா, அதே ரூம்தான். பார்த்துப் பார்த்து வரைஞ்சியே, அதே ரூம்...

நல்லா இல்லை. நல்லா இருந்தா உனக்கு எதுக்குப் போன் போடுறேன்? அரை மணி நேரமா பாத்ரூம் வாசல்ல நிக்கிறார்டா. உள்ள போக மாட்டேங்கிறார்... அடம் இல்லை! நீயும் அந்த மேனேஜர் மாதிரியே பேசாத...

கேளு முதல்ல. வாசல்ல ஒரு கறுப்புக் கல் போட்டிருக்கியே... ஆமா, கிரானைட். ரூம் பூரா வெள்ளைத் தரை, அங்க மட்டும் ஒரு முழ அகலத்துக்குக் கன்னங்கரேல்னு. மறதி நோய் வந்த அவர் கண்ணுக்கு அது கல்லாத் தெரியலை. பள்ளமாத் தெரியுது... பள்ளம்டா, பள்ளம்! காலை நீட்டுறார், இழுத்துக்கிறார், நீட்டுறார், இழுத்துக்கிறார்...

லைட்டா? போட்டாச்சு. இன்னும் ஆழமாத் தெரியுதாம்... என்னது?... ஓஹோ, பாத்ரூம் எங்க ஆரம்பிக்குதுன்னு அடையாளமா? யாருக்குடா அடையாளம்? வரைபடத்தைக் கம்ப்யூட்டர்ல மேலே இருந்து பார்க்கிற உனக்கா? இங்க இருக்கிறவங்க தரையில நடக்கிறாங்கடா...

இவருக்கு மட்டும் இல்லை. எதிர் ரூம் டீச்சரம்மா, எழுபத்தொன்பது வயசு, முட்டி மாத்தின கால். அதைத் தாண்டிக் குதிக்கிறாங்க. குதிக்கிறாங்கடா!... சிரிச்சே, நேர்ல வந்து பளார்னு விடுவேன்.

சாயங்காலம் டாக்டர் வரார். தானா பாத்ரூம் போகலைன்னா அப்பாவை மேல் மாடிக்கு மாத்திடுவாங்களாம். படுத்த படுக்கையா இருக்கிறவங்க மாடிக்கு. நடக்கிற மனுஷனுக்கு டயப்பரைக் கட்டி... ஆமா, ஆமா, அதுவும் தெரியும். நர்ஸ் கையைப் பிடிச்சு முறுக்கினாராம். நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க. நம்ம அப்பா! ஒரு நாளாவது நம்ம மேல கை நீட்டியிருக்காரா?...

டவலா? காலையிலயே கல்லு மேல போட்டாங்க. வழுக்கிடுச்சு, நல்லவேளை கதவைப் பிடிச்சுக்கிட்டார்... சரி, சரி, கத்தாத. இரு, நானே நடந்து காட்டுறேன். அப்பா, இங்க பாருங்க... ஒண்ணுமே இல்லை, வெறும் கல்லு. நான் போறேன் பாருங்க... ஐயோ! அப்பா, வலிக்குது... விடுங்கப்பா...

...

இருக்கேன். இருக்கேன்டா... ஒண்ணும் ஆகலை. என் கையைப் பிடிச்சு இழுக்கிறார். விடவே மாட்டேங்கிறார். முகமெல்லாம் வேர்த்துப் போச்சு... முறுக்கலைடா. நான் உள்ள விழுந்துடுவேன்னு பிடிச்சிருக்கார். அந்த நர்ஸையும் இப்படித்தான் பிடிச்சிருக்கார்... பாவிங்க, அதைப் போய் அடிதடின்னு எழுதியிருக்காங்க...

ஆமாப்பா. தம்பிதான். தம்பிகிட்டதான் பேசுறேன்... சரிப்பா. சொல்றேன், சொல்றேன்...

டேய். கேட்டுதா?... உன்னை இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லச் சொல்றார். பள்ளம் இருக்காம். யாரோ ஒரு மடையன் தோண்டிட்டு மூடாம போயிட்டானாம். நீ அவசரக்காரனாம், பார்க்காம காலை வெச்சுடுவியாம்...

ஹலோ?... அழுதா ஆச்சா? கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பு. டாக்டர் வர்றதுக்குள்ள, கல்லைப் பேர்க்கிற ஆளோட வந்து சேரு... இந்த ரூமுக்கு மட்டுமா? நாப்பது ரூமுக்கும்டா. வைக்கிறேன்.