சிவப்புப் பட்டி

சைரன் ஊதியபோது நான் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கையை முடித்து வலது கைக்கு வந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தீயணைப்பு வண்டி ஓடுபாதையை நோக்கி ஓடியது. அலுவலகமே எழுந்து நின்றது. மிச்சமிருந்த விரல்களையும் முடித்துவிட்டுத்தான் நான் எழுந்தேன். அரைகுறையாக விட்ட வேலை எனக்கு உறுத்தும்.

நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம், ஐயா. நானே சொல்லிவிடுகிறேன்.

ராணுவத்துக்கு ஹெலிகாப்டர் வாங்கும் ஒப்பந்தம் என் பொறுப்பில் இருந்தது. விற்கும் நாடு முதல் ஹெலிகாப்டரைச் சோதனைக்காக அனுப்பியும் விட்டது. அதற்குள் வேறொரு நாடு நம்மோடு கைகுலுக்கியது. அவர்களுடைய ஹெலிகாப்டரைத்தான் வாங்க வேண்டும் என்பது அந்தக் கைகுலுக்கலின் விலை. அமைச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ரத்து பண்ணணும்யா. ஆனா நாம ரத்து பண்ணின மாதிரி தெரியக் கூடாது."

"விக்கிற நாட்டுத் தூதர் சும்மா விடமாட்டார் சார். அங்க வேலை பார்க்கிற நம்ம ஆளுங்களை மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க."

"அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கேன். மூளையைக் கொஞ்சம் கசக்கு. புதுசாத்தான் இருக்கும், நீ எங்க யூஸ் பண்ணியிருக்கே?"

நானும் சிரித்தேன். பிறகு கசக்கினேன்.

ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் நான் பேசி முடித்தது. இயந்திரத்தில் கோளாறு இருந்தால் விற்றவர்கள் சரிசெய்து தர வேண்டும். அதைக் காரணம் காட்டி நாம் விலக முடியாது. கோளாறால் உயிர் போனால் மட்டும் மறுபேச்சில்லாமல் விலகலாம். அந்த வரியை நான்தான் சண்டை போட்டுச் சேர்த்தேன். நம் விமானிகளின் உயிர்தான் அப்போது என் மனதில் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

தலைமை மெக்கானிக் அந்த வாரமே வந்து நின்றார். வால் விசிறியைச் சுழற்றும் தண்டில் கீறல் விட்டிருக்கிறதாம். மாற்றுத் தண்டு திங்கட்கிழமை வந்துவிடுமாம்.

"அதுவரைக்கும் யாரும் ஏற முடியாது சார். பட்டி கட்டிட்டேன்."

பழுதான ஹெலிகாப்டரின் கைப்பிடியில் சிவப்புத் துணிப் பட்டி கட்டுவது எங்கள் விமானத் தளத்தின் வழக்கம். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். பட்டி இருந்தால் யாரும் ஏறமாட்டார்கள். இல்லையென்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

"அமைச்சர் வந்து சொன்னா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"எங்க வீட்டம்மா வந்து சொன்னாலே அவிழ்க்க மாட்டேன், அமைச்சர் எம்மாத்திரம்?"

அவர் ஷிப்ட் முடிந்து போன பிறகு கொட்டகைக்குப் போனேன். ஹெலிகாப்டரைப் பார்வையிட எனக்கு அனுமதி உண்டு. முடிச்சு இறுக்கமாக இருந்தது. அவிழ்த்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நான் தொட்டது ஒரு துணியை மட்டும்தான். தண்டில் கீறல் போட்டது நான் இல்லை. ஏறச் சொன்னதும் நான் இல்லை. யார் ஓட்டப்போகிறார்கள் என்று விசாரிக்கக்கூட இல்லை. விசாரித்திருந்தால் அது கொலை ஆகியிருக்கும்.

மறுநாள் ஹெலிகாப்டர் ஓடுபாதையைத் தாண்டிப் போய் விழுந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் என் தங்கையின் கணவர்.

காரியங்களைப் பிசிறில்லாமல் செய்தேன். அன்று மாலையே ரத்துக் கடிதம் தூதரின் கைக்குப் போனது. இறுதிச் சடங்கில் தங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அமைச்சர் என் தோளைத் தட்டினார்.

ஆனால் விற்ற நாடு விடவில்லை. தூதர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார். நம் ஆட்களுக்கு விசா நின்றது. நம்மிடம் இருக்கும் பழைய விமானங்களுக்கும் உதிரிபாகம் நின்றது. புது நண்பர்களோ, ஒரு தண்டைக்கூட ஒழுங்காகக் கவனிக்கத் தெரியாதவர்களுக்கு எப்படி விற்பது என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் எல்லோருக்கும் சௌகரியமான ஆளாக மெக்கானிக் கிடைத்தார். பட்டி கட்டினேன், கட்டினேன் என்று அவர் லாக்கப்பில் கத்திக்கொண்டே இருந்தார். பாவம், தொண்டை கட்டிப்போயிருக்கும். அவருக்கு நல்ல வக்கீலாகப் பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

இதையெல்லாம் நாட்டுக்காகச் செய்தேன். மாப்பிள்ளை அதில் அகப்பட்டது விதி. இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நேற்று தங்கை வரும்வரை.

அவள் அழவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, அன்னைக்குக் காலையில கிளம்பும்போது அவர் உங்களுக்குத்தானே போன் பண்ணாரு?"

"ஆமாம்மா."

"இன்னைக்கு நான்தான் ஓட்டுறேன் மச்சான், வால் பக்கம் ஏதோ கோளாறுன்னு மெக்கானிக் சொன்னாரே, சரி பண்ணிட்டாங்களான்னு கேட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க பேசினதுதான் என் காதுல விழல. போனை வெச்சிட்டுச் சிரிச்சுக்கிட்டே கிளம்பினாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

அவளிடம் நான் என்றைக்கும் பொய் சொன்னதில்லை, ஐயா.

"சரி பண்ணியாச்சு மாப்ள, நானே பக்கத்துல நின்னு பார்த்தேன், தைரியமா ஏறுன்னு சொன்னேம்மா."