அனுமதிக்காகக் காத்திருப்பவை

எனக்குச் சண்டை என்றாலே ஆகாது, தம்பி. சமையலறையில் இரண்டு பாத்திரம் பலமாக உரசினால்கூட எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். என் கணவர் இருந்தவரை அதை வைத்தே கேலி செய்வார். "உன்கிட்ட சண்டை போடணும்னா மனு எழுதிக் குடுத்துட்டு வரிசையில நிக்கணும்டி" என்பார். அதனால்தான் நீங்கள் குரலை உயர்த்தாமல் கேட்டது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒன்றுவிடாமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். யாரை யாரோடு பேசவிடுவது, யாரைக் காக்கவைப்பது என்பதுதான் என் உத்தியோகம். "லைன்லயே இருங்க" என்று நான் சொன்னால் பெரிய அதிகாரிகூட மூச்சுவிடாமல் காத்திருப்பார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது, எங்கள் குடியிருப்புக்காரர்கள் பேசிக்கொள்ள மருமகன் இணையத்தில் ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார். நான்கு கட்டடம், நானூறு வீடு. 'முற்றம்' என்று பெயர் வைத்தோம். யார் எதை எழுதினாலும் முதலில் என் கைபேசிக்குத்தான் வரும். 'வெளியிடு' என்று ஒரு பொத்தான், 'நிறுத்திவை' என்று ஒரு பொத்தான். விதிகள் எட்டும் நானே எழுதினேன். கெட்ட வார்த்தை கூடாது, யாருடைய வீட்டு எண்ணையும் போடக்கூடாது, சொந்த வியாபாரத்தைப் பற்றி எழுதக்கூடாது, இந்த மாதிரி. எல்லோரும் என்னை அட்மின் அக்கா என்றார்கள்.

முதலில் எவ்வளவு அழகாகப் பேசிக்கொண்டார்கள் தெரியுமா? வாசல் மரத்தை வெட்டலாமா கூடாதா என்று மூன்று வாரம் வாதாடினார்கள். "நீங்க சொல்றதும் சரிதான், ஆனா" என்றுதான் ஒவ்வொருவரும் ஆரம்பிப்பார்கள். கடைசியில் ஒரே ஒரு கிளையை வெட்டிவிட்டு எல்லோரும் திருப்தியாகிவிட்டார்கள். அதோடு பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. என் கணவர் இறந்த வருடம் அது. நாளெல்லாம் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். பூனையைக் காணோம் என்று ஒரு பதிவு வரும். பூனையும் பொழுது சாய்வதற்குள் கிடைத்துவிடும்.

ஒரு நாள் கண் மருத்துவரிடம் போயிருந்தேன். சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் ஒரு பதிவை அவசரமாக வெளியிட்டேன். லிஃப்ட் மெக்கானிக் எழுதியது. இரண்டாம் கட்டடத்து டியூஷன் வாத்தியாரைப் பார்த்து, "லிஃப்ட்டுக்கு உள்ளேயே பாடம் நடத்துவாரு போலிருக்கு, கதவை விடவே மாட்டேங்கிறாரு" என்று. பத்தே நிமிடத்தில் அவரே "கோவத்துல எழுதிட்டேன், சார் மன்னிக்கணும்" என்று இன்னொன்றும் அனுப்பியிருக்கிறார். கண் மங்கி இருந்ததால் அதை நான் பார்க்கவில்லை. ஐந்து மணி நேரம் அந்த மன்னிப்பு அப்படியே கிடந்தது. பார்வை தெளிந்து எடுத்துப் பார்க்கிறேன், அனுமதிக்காக வரிசையில் நூற்று நாற்பது பதில்கள். வாத்தியார் பக்கம் பாதி, மெக்கானிக் பக்கம் பாதி. தொலைபேசியில் ஒன்பது பேர். "அட்மின் அக்கா, நீங்க தலையிடலேன்னா இந்தக் குடியிருப்பே நாறிடும்." என் வீட்டு மணி அடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு நான்கு முறை அடித்தது.

மன்னிப்பு வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது, தம்பி. அவ்வளவுதான் நான் கண்டுபிடித்தது.

நான் எதையும் அழித்ததில்லை. யாரைப் பற்றியும் ஒரு கடுஞ்சொல் எழுதியதில்லை. கெட்ட வார்த்தை இல்லாத வசை விதிக்கு உட்பட்டதுதான், அதை உடனே வெளியிடுவேன். சமாதானத்தைக் கொஞ்சம் காக்கவைப்பேன். ஆரம்பத்தில் ஒரு மணி நேரம், பிறகு அரைநாள். பிறகு சிலவற்றை வெளியிடத் தோன்றவே இல்லை. எழுதியவர்களும் கேட்கவில்லை. நாம் இறங்கி வந்தோம், எதிராளி பதில்கூடப் போடவில்லை என்று நினைத்து அடுத்த பதிவை இன்னும் காரமாக எழுதினார்கள். ஒரு வருடத்துக்குள் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். காலம் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்து வருத்தப்படுவார்கள். நானும் வருத்தப்படுவேன்.

என்னிடம் எழுபத்தொரு மன்னிப்புகள் இருக்கின்றன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எடுத்துப் படிப்பேன். "அவசரப்பட்டுட்டேன்", "உங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு", "அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க." படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்துவிடும். நம் ஜனங்கள் நல்லவர்கள், தம்பி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மருந்துக்கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மூன்றாம் கட்டடத்துப் பெண் எழுதினாள். காய்ச்சலுக்கு வாங்கிய மருந்தைக் குடித்துக் குழந்தை மயங்கிவிட்டது, கடைக்காரர் பெரியவர்கள் மருந்தைக் கொடுத்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்று. வெளியிட்டேன். யாராக இருந்தாலும் வெளியிடுவார்கள். நாற்பது நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. குழந்தை கண்விழித்துவிட்டது, தப்பு என்னுடையதுதான், ஃபிரிட்ஜில் இருந்த மாமியாருடைய பாட்டிலைப் பதற்றத்தில் மாற்றி எடுத்துவிட்டேன், கடைக்கார அண்ணன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று. அதற்குள் முன்னூறு பதில்கள் வந்திருந்தன. முற்றத்தில் அவ்வளவு பேரை நான் பார்த்ததே இல்லை. நிறுத்திவைத்தேன்.

மறுநாள் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, நான் போட்டது இன்னும் வரலையே? நேர்லயே போய் அவர்கிட்டயும் எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?"

"இப்போ வாயத் திறக்காதம்மா. எல்லாரும் சூடா இருக்காங்க, உன் மேல பாஞ்சிடுவாங்க. குழந்தையோட இரு. நான் நேரம் பாத்துப் போடறேன்."

"நீங்க பாத்துக்குவீங்கல்ல அக்கா?" என்று அழுதாள்.

அன்று மாலை கடைக்காரரே என் வீட்டுக்கு வந்தார். கழற்றிய செருப்பை நேராக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே வருகிற மனிதர். "அக்கா, ரெண்டு தடவை எழுதிட்டேன், ஒண்ணும் வரலையே?"

"அது ஆறாவது விதிங்க. சொந்த வியாபாரத்தப் பத்தி எழுதக்கூடாது."

"விளம்பரமா அக்கா இது? சீட்டு இருக்கு, நான் குடுத்தது குழந்தைங்க மருந்துதான். ஸ்கூல்ல என் பொண்ணு பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்களாம். என்னத்தச் சொல்றது அதுக்கு?"

"பொறுங்க. பேசிப் பேசி அவங்களே ஓஞ்சிடுவாங்க."

அவர் எழுந்து வாசல் பக்கம் நடந்தார். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க பிரஷர் மாத்திரை வெள்ளிக்கிழமையோட தீருது. எடுத்து வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்குங்க" என்றார். அவர் வீட்டு எண்ணை அன்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இரண்டையும் நான் அனுமதிக்கவில்லை. விதி விதிதானே.

வியாழக்கிழமை காலையில் லிஃப்ட் மெக்கானிக் ஒரு பதிவு அனுப்பினார். அதுவரை அவர்தான் எல்லோரையும்விட அதிகம் பேசியவர். "நான் கொஞ்சம் ஓவரா பேசிட்டேன். மருந்துக்கடைக்காரர் என்ன சொல்றாருன்னும் கேப்போம்" என்று எழுதியிருந்தார். எழுபத்தோராவது அதுதான். அதை நிறுத்திவைத்தேன். பத்து நிமிடத்தில் வேறொருவர், "நம்ம மெக்கானிக் வாய்ச்சொல் வீரர், நேர்ல போகச் சொன்னா லிஃப்ட்டுக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு" என்று எழுதினார். அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. வெளியிட்டேன்.

மூன்று மணிக்கு மெக்கானிக் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போனார். சும்மா கேட்கத்தான் போனார்களாம். கேள்வி தள்ளுமுள்ளாயிற்று. கண்ணாடி அலமாரி கடைக்காரர்மேல் சாய்ந்ததை நான் பார்க்கவில்லை, பால்கனியிலிருந்து சத்தம்தான் கேட்டேன். சொன்னேனே, எனக்குச் சத்தம் ஆகாது என்று. கதவைச் சாத்திக்கொண்டேன்.

உடைந்த கண்ணாடிக்கு அடியில் 'அட்மின் அக்கா' என்று எழுதிய மாத்திரை உறை ஒன்று கிடைத்ததாக உங்கள் ஆள் சொன்னார். வழக்குக்குத் தேவையில்லை என்றால் கொடுத்துவிடுங்கள். நேற்றோடு மாத்திரை தீர்ந்துவிட்டது.

அந்தக் குழந்தையின் தாய் உங்களிடம் வந்து அழுததால்தான் என்னைத் தேடி வந்தீர்கள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆறு பேர் தள்ளினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஏழு என்று திருத்திக்கொள்ளுங்கள். அவர்களாவது கோபத்தில் தள்ளினார்கள். நான் மூன்று நாள் யோசித்து, நிதானமாக, ஒரு விரலால் தள்ளினேன்.

என் கைபேசி உங்கள் மேசையில் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. முற்றம்தான். காலையில் வரிசையில் இருந்தவற்றைப் படித்தேன். எல்லாம் அஞ்சலி. நல்ல மனுஷர், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார் என்று எத்தனை மரியாதையாக எழுதுகிறார்கள். பழைய நாள் மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணுடைய மன்னிப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இப்போதாவது அதை வெளியிட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். வெளியிட்டால் அடுத்த நிமிடமே எல்லோரும் அவள்மேல் பாய்வார்கள். மறுபடியும் ஆரம்பித்துவிடும். எனக்குத்தான் சண்டை ஆகாதே, தம்பி.