ஏழாம் நம்பர்

ரின்ஸ்கா: அப்ப உங்கிட்ட இன்சூரன்ஸே இல்லைங்கிற?

வீப்ரென்: இல்லைன்னு சொல்லல. இன்னும் எடுக்கலைன்னு சொன்னேன்.

ரின்ஸ்கா: ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்?

வீப்ரென்: ஒரு மணி நேரம். இப்ப நாலு. அஞ்சு மணிக்கு ஆபீசை மூடிடுவாங்க.

ரின்ஸ்கா: டிசம்பர்லயே கேட்டேனே! ஹெல்த் இன்சூரன்ஸ மாத்தியாச்சான்னு கேட்டதுக்கு, ஆச்சு ஆச்சுன்னு மண்டைய மண்டைய ஆட்டினியே!

வீப்ரென்: பழசை ரத்து பண்ணியாச்சுன்னுதான் ஆட்டினேன். வருஷா வருஷம் சந்தாவ ஏத்துறான். ஏத்திட்டு, பூப்போட்ட வாழ்த்து அட்டை வேற அனுப்பறான். அந்தக் கோவத்துல, போடா நீயும் உன் அட்டையும்னுட்டேன்.

ரின்ஸ்கா: சரி, போடான்னா அன்னிக்கே வேற ஒருத்தன்கிட்ட வாடான்னு சொல்லணும்ல? நம்ம ஃபிரீஸ்லாந்து மாகாணம் முழுக்க அப்படித்தானே செய்யுது?

வீப்ரென்: சட்டத்துல ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும் தவணை இருக்கும்மா. அதுக்குள்ள எடுத்தா ஒண்ணாம் தேதியே எடுத்த மாதிரி கணக்கு. குடுத்த தவணைய யாராச்சும் வீணாக்குவாங்களா?

ரின்ஸ்கா: இன்னிக்கு என்ன தேதி?

வீப்ரென்: ...முப்பத்தொண்ணு.

ரின்ஸ்கா: கை எப்ப உடைஞ்சுது?

வீப்ரென்: அது... பதினாலு.

ரின்ஸ்கா: ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டு, என் கையப் பிடிச்சுக்கிட்டு, "கவலைப்படாத ரின்ஸ்கா, எல்லாம் இன்சூரன்ஸ் பாத்துக்கும்"னு சொன்ன புண்ணியவான் யாரு?

வீப்ரென்: பாத்துக்கும்னுதான் சொன்னேன். எப்பன்னு சொல்லல.

ரின்ஸ்கா: கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான்பாங்க. உன் புளுகு முப்பத்தோரு நாள் ஓடியிருக்கு. நீ எமகாதகன்!

வீப்ரென்: சிரிக்காத. இன்னிக்கு விட்டா ஆம்புலன்ஸ், ஆபரேஷன், கைக்குள்ள இருக்கற ஆறு ஸ்க்ரூ, எல்லாம் என் தலையில. படகை வித்தாத்தான் கட்ட முடியும். அதுக்கு அப்புறமும் சும்மா இருந்தா அபராதக் கடுதாசி வேற வரும்.

ரின்ஸ்கா: படகையா?... ஐயையோ. நகரு, கம்ப்யூட்டரக் குடு.

வீப்ரென்: அது பூட்டிக்கிச்சு. இடது கையால தட்டினேனா, மூணு தடவை பாஸ்வேர்டு தப்பாயிடுச்சு. இனி நாளைக்குத்தான் திறக்குமாம்.

ரின்ஸ்கா: நல்லா திறக்கும், எல்லாம் முடிஞ்சப்புறம்! போன் போடு.

வீப்ரென்: போட்டுத்தான் வச்சிருக்கேன். வரிசையில நிக்கறேன். இந்த ஒத்தைக் கைய வச்சுக்கிட்டு போனையும் பிடிச்சு காகிதத்தையும் புரட்ட முடியல. அதான் உன்னைக் கூப்பிட்டேன்.

ரின்ஸ்கா: பாத்தியா, டைரியில நேரம் குறிக்காம உன் வீட்டுக்குள்ள நான் வர்றது இதான் முதல் தடவை.

வீப்ரென்: எழுதிக்கலாம் விடு. ஆமா, வீட்டுக்குள்ள எதுக்கு கம்பளித் தொப்பி? ஹீட்டர் ஓடுதே.

ரின்ஸ்கா: குளிருது. நீ போனை ஸ்பீக்கர்ல போட்டு வை.

போன்: எங்கள் ஊழியர்கள் அனைவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வரிசையில் பதினேழாவது ஆள்.

ரின்ஸ்கா: பதினேழா! உன்னை மாதிரி இன்னும் பதினாறு பேர் இந்த நாட்டுல இருக்கானுங்களா?

வீப்ரென்: தவணைய மதிக்கறவங்க.

ரின்ஸ்கா: இது என்ன, மேசை மேல இவ்ளோ பெரிய படுதா?

வீப்ரென்: அட்டவணை. இந்தக் கம்பெனியோட நாப்பத்திரண்டு திட்டம், அவங்க நம்பர்படியே. நாலு கலர். பச்சைன்னா மலிவு, சிவப்புன்னா பல்லு, நீலம்...

ரின்ஸ்கா: முதலாளி, கை ஒடிஞ்சு பதினேழு நாளா இதுக்கு கலர் அடிச்சுக்கிட்டா இருந்தே?

வீப்ரென்: பின்ன? கண்ண மூடிக்கிட்டு ஒண்ணை எடுக்கச் சொல்றியா?

ரின்ஸ்கா: இரு இரு... ஏழாவது வரியில மட்டும் காகிதம் கிழிஞ்சு கிடக்கு. எழுதி, அழிச்சு, எழுதி, அழிச்சு... அப்படி என்ன அதுல?

வீப்ரென்: ஒண்ணுமில்ல. காகிதம் மட்டம். அதைக் குடு இப்படி.

ரின்ஸ்கா: ஏன் பிடுங்கற? நான் என்ன உன் சொத்தையா கேட்டேன்?

போன்: நீங்கள் வரிசையில் ஒன்பதாவது ஆள்.

வீப்ரென்: மணி நாலு முப்பத்தஞ்சு... ரின்ஸ்கா, அன்னிக்கு நீ எச்சரிச்சது எனக்குக் காதுல விழாம இல்ல.

ரின்ஸ்கா: பாலத்துக்கு அடியில ஐஸ் மெல்லிசா இருக்கும்னு மூணு தடவை கத்தினேன்.

வீப்ரென்: எத்தனை வருஷம் கழிச்சு கால்வாய் உறைஞ்சுது! ஸ்கேட்டிங் பண்ணிட்டு வர்ற எல்லாரும் பாலத்துகிட்ட கரையேறி நடந்து போறானுங்க. நீ எதிர்க்கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தே. நானும் ஏறி நடந்தா நல்லாவா இருக்கும்? அதான் அந்த மெல்லிசு ஐஸைத் தாண்டிக் குதிச்சேன்.

ரின்ஸ்கா: எனக்குக் காட்டத்தான் அந்தக் குதியா? அறுபத்தொம்பது வயசு கழுதைக்கு!

வீப்ரென்: விழறதுக்கு முன்னால நல்லாத்தானே இருந்துச்சு?

ரின்ஸ்கா: ...நல்லாத்தான் இருந்துச்சு. அதை விடு. அது அரை நொடி.

நாஸிரா: வணக்கம், காத்திருந்ததுக்கு நன்றி. நான் நாஸிரா பேசறேன். சொல்லுங்க சார்.

வீப்ரென்: அம்மா தாயே! நான் வீப்ரென் பேசறேன். சேரணும். இன்னிக்கே. இப்பவே.

நாஸிரா: அதுக்குத்தான் சார் காலையில இருந்து எல்லாரும் கூப்பிடறாங்க. பழைய இன்சூரன்ஸ் எப்ப முடிஞ்சுது?

வீப்ரென்: டிசம்பர் முப்பத்தொண்ணு.

நாஸிரா: அப்ப சரி, அஞ்சு மணிக்குள்ள நான் பதிவு பண்ணிட்டா ஒண்ணாம் தேதியில இருந்தே செல்லும். நடுவுல ஏதாவது வைத்தியம் நடந்துச்சா?

ரின்ஸ்கா: ஆறு ஸ்க்ரூ மா! ஆறு!

நாஸிரா: கூட யாரு சார், வீட்டம்மாவா?

வீப்ரென்: இல்ல...

ரின்ஸ்கா: இல்ல இல்ல. கால்வாய்க்கு எதிர்க்கரை வீடு. ஞாயித்துக்கிழமை காப்பிக்கு வருவேன். அவ்ளோதான்.

நாஸிரா: ஓ... சரிங்க. அடையாள எண் சொல்லுங்க. பிறந்த தேதி, முகவரி... ம். அடிப்படைத் திட்டம் போட்டாச்சு. கூடுதல் சிகிச்சை ஏதாவது வேணுமா சார்? உங்ககிட்ட பட்டியல் இருக்குமே.

வீப்ரென்: இருக்கு, இருக்கு... ரின்ஸ்கா, போய் காப்பி போடேன்.

ரின்ஸ்கா: இப்பத்தானே குடிச்சோம்?

வீப்ரென்: இன்னொண்ணு குடிக்கலாம். பிஸ்கட்டும் எடுத்துக்க.

ரின்ஸ்கா: பிஸ்கட்டும் தின்னாச்சு.

வீப்ரென்: இன்னொண்ணு எடுத்துக்க.

ரின்ஸ்கா: என்னது? ரெண்டாவது பிஸ்கட்டா? உன் வீட்டுலயா? எட்டு வருஷமா ஒண்ணை நீட்டிட்டு டப்பாவ டப்புனு மூடற ஆளு... வீப்ரென், உனக்கு உடம்பு சரியாத்தானே இருக்கு?

வீப்ரென்: டப்பாவையே எடுத்துட்டுப் போ! போம்மா!

ரின்ஸ்கா: போறேன், போறேன். தள்ளாத.

வீப்ரென்: ...ஹலோ. கேக்குதா? மெதுவாச் சொல்றேன். ரெண்டாம் நம்பர் போடுங்க, அது கைக்கு. அப்புறம்... ஏழு.

நாஸிரா: ஏழுங்களா சார்?

வீப்ரென்: ஷ்ஷ்! ஏழுதான். பேரைச் சொல்லாதீங்க.

ரின்ஸ்கா: ஏழுன்னா என்னய்யா?

வீப்ரென்: ஐயோ! சமையல்கட்டுக்குள்ள இருந்து எப்படிக் கேட்டுச்சு உனக்கு? போன மாசம் பக்கத்துல நின்னு கத்தினாலும் "ஆங்?"னு கேப்பியே!

ரின்ஸ்கா: கதவு திறந்திருந்துச்சு. பேச்சை மாத்தாத. ஏழுன்னா என்ன?

வீப்ரென்: ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல.

ரின்ஸ்கா: ஒண்ணுமில்லாததுக்கா காகிதம் கிழியும்? போன செவ்வாய்க்கிழமை நீ எங்க போனே?

வீப்ரென்: டாக்டர்கிட்ட. கைக்கு.

ரின்ஸ்கா: கை டாக்டர் வெள்ளிக்கிழமை. உன் டைரி இங்க திறந்துதான் கிடந்துச்சு. செவ்வாய், பத்து மணி, வெறும் டாக்டர்னு எழுதி வச்சிருக்கே. எந்த டாக்டர்? என்ன வியாதி? சொல்லு!

வீப்ரென்: வியாதி இல்லம்மா...

ரின்ஸ்கா: மறைக்காத. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சொன்னாரு. ஆஸ்பத்திரி நாற்காலியில நாலு மாசம் உக்காந்தேன், கடைசியில போய்ச் சேந்துட்டாரு. எனக்குப் பயமா இருக்கு வீப்ரென். இன்னொரு தடவை என்னால முடியாது.

வீப்ரென்: ரின்ஸ்கா... அழறியா? ஐயோ, சத்தியமா அது இல்ல.

ரின்ஸ்கா: ஏம்மா நாஸிரா, நீயாச்சும் சொல்லு. ஏழு என்ன?

நாஸிரா: அவர் அனுமதியில்லாம சொல்லக் கூடாதுங்க. ஆனா... சார், ஒரு சங்கடம்.

வீப்ரென்: இன்னும் என்ன?

நாஸிரா: போன்ல சேர்றதுனா எல்லாத்தையும் நான் வரி விடாம வாசிக்கணும். நீங்க "ஆமா"ன்னு சொல்லணும். அது பதிவாகணும். இல்லைனா செல்லாது. மணி நாலு ஐம்பத்தி நாலு.

வீப்ரென்: ஏழை மட்டும் விட்டுட்டு வாசிங்களேன்.

நாஸிரா: விட்டா அது இருக்காது சார். வேணுமா, வேணாமா?

ரின்ஸ்கா: படகு போயிடும்யா! வாசிக்கச் சொல்லு!

வீப்ரென்: ...வாசிங்க. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன.

நாஸிரா: ஒன்று, அடிப்படை மருத்துவக் காப்பீடு, ஜனவரி ஒன்று முதல். இரண்டு, கை, கால் பயிற்சிச் சிகிச்சை, இருபது முறை. ஏழு... உறக்கத்தில் எழும் குறட்டையைத் தடுக்க, வாயில் பொருத்தும் பல் கவசம், ஒன்று.

ரின்ஸ்கா: குறட்டையா?

வீப்ரென்: ம்.

ரின்ஸ்கா: குறட்டைக்கா நான் இங்க அழுதேன்? அடப்பாவி! ஐயோ, வயிறு வலிக்குது... குறட்டை!

நாஸிரா: மன்னிச்சிடுங்க சார், நான் சிரிக்கல. இருமல்.

ரின்ஸ்கா: ஏய்யா, தனியாத் தூங்கறவனுக்கு குறட்டையப் பத்தி என்ன கவலை? உன் வீட்டுல அதைக் கேக்கறதுக்கு யாரு இருக்கா, சுவர்க் கடிகாரமா?

வீப்ரென்: இப்போதைக்கு யாருமில்ல.

ரின்ஸ்கா: இப்போதைக்கா?

வீப்ரென்: ஆறு வருஷம் முன்னால டெர்ஸ்கெல்லிங் தீவுக்குப் போனோமே, அந்த கேரவன் வண்டியில தங்கி... ராத்திரி நீ எந்திரிச்சு, கோட்டைப் போட்டுக்கிட்டு கார்ல போய்ப் படுத்துக்கிட்டே. காலையில என்ன சொன்னே?

ரின்ஸ்கா: இந்தச் சத்தத்தோட ஒரே கூரைக்குக் கீழ மனுஷி இருக்க முடியாதுன்னேன்.

வீப்ரென்: அதான். அன்னிலேருந்து இந்தக் கரையில நான், அந்தக் கரையில நீ. ஆம்புலன்ஸ்ல உன் கையப் பிடிச்சப்ப நினைச்சேன், போதும்டா சாமின்னு. செவ்வாய்க்கிழமை போய் வாயை அளவு எடுத்துட்டு வந்தேன். கலர் அடிக்க ஒரு நாள் போதும்மா. அந்த ஒரு வரிய எழுதறதுக்குத்தான் தைரியம் வரல.

நாஸிரா: சார்... எனக்கும் கேக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஐம்பத்தி ஏழு ஆச்சு. சம்மதமா?

ரின்ஸ்கா: இரும்மா. அந்த ஏழை எடுத்துடு.

வீப்ரென்: ...எடுக்கணுமா?

ரின்ஸ்கா: எடுத்துடு. வேணாம்.

வீப்ரென்: சரி. எடுத்துடுங்கம்மா.

நாஸிரா: நிச்சயமா சார்?... சரி. ஒன்று, இரண்டு மட்டும். சம்மதம்னா ஆமான்னு சொல்லுங்க.

வீப்ரென்: ஆமா.

நாஸிரா: பதிவாயிடுச்சு. நாலு ஐம்பத்தி ஒன்பது. ஒண்ணாம் தேதியில இருந்து உங்களுக்கு இன்சூரன்ஸ் உண்டு, நடுவுல ஒரு நாள் கூட விட்டுப் போகல. அபராதமும் இல்ல, ஸ்க்ரூவுக்கும் கவலை இல்ல. ரெண்டு பேரும் நல்லா இருங்க. வச்சிடறேன்.

ரின்ஸ்கா: தப்பிச்சுது படகு! எங்க, அந்த ரெண்டாவது பிஸ்கட்டு?... ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டே?

வீப்ரென்: ஒண்ணுமில்ல. ஏழு வேணாம்னா நானும் வேணாம்னுதானே அர்த்தம். பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை காப்பிக்கு மட்டும் வந்துடு.

ரின்ஸ்கா: மக்கு. இப்படி வா. இந்தத் தொப்பியக் கழட்டு. முடிய ஒதுக்கு... இடது கைதானே, மெதுவா.

வீப்ரென்: இது என்ன... காதுக்குப் பின்னால? ரெண்டு பக்கமும்?

ரின்ஸ்கா: காது மெஷின். மூணு வாரமாச்சு. டிசம்பர்லயே இதுக்குன்னு இருக்கற திட்டமாப் பாத்து மாறிட்டேன்.

வீப்ரென்: ஏன் எங்கிட்ட சொல்லல?

ரின்ஸ்கா: ஐஸ் மேல இருபது வயசுப் பையன் மாதிரி குதிக்கறவன்கிட்ட, எனக்குக் காது மந்தமாயிடுச்சுன்னு எப்படிய்யா சொல்றது? வெக்கமா இருந்துச்சு.

வீப்ரென்: அட கிறுக்கி... ஆனா இதை மாட்டினா குறட்டை முன்ன விட பலமால்ல கேக்கும்? அப்ப எதுக்கு ஏழை எடுக்கச் சொன்னே?

ரின்ஸ்கா: படுக்கறப்ப இதைக் கழட்டி டப்பாவுல வச்சுட்டா, பக்கத்துல பீரங்கி வெடிச்சாலும் எனக்குக் கேக்காதுய்யா. பகல்ல உன் பேச்சு கேக்கணும், ராத்திரி உன் குறட்டை கேக்கக் கூடாதுன்னுதானே டிசம்பர்லயே மாறினேன். ஒரே கட்டில்ல படுக்கறதுக்கு ரெண்டு பேரும் எதுக்குத் தனித்தனியா சந்தா கட்டணும்? டைரிய எடு... ஐஸ் உருகினதும் எந்தச் சனிக்கிழமை என் சாமானை உன் படகுல ஏத்தி இந்தக் கரைக்குக் கொண்டாரலாம்னு பாப்போம்.