எஃப்.சி.க்கு முந்தின நாள்

காலை எட்டு பத்து. ஐயம்பேட்டையில் பஸ் ஏறிய பெண்ணின் மடியில், ஆட்டோவின் அடிப்பாகமான சேஸிஸிலிருந்து கழற்றி, துருவைச் சுரண்டி வெறும் இரும்பாக்கிய ஒரு சட்டம் இருந்தது. அவள் ஷேர் ஆட்டோ ஓட்டுபவள் என்பது காக்கிச் சட்டையில் தெரிந்தது. பக்கத்தில் பெயின்டர்.

"என் சேஸிஸுக்கு கறுப்பு அடிக்காதண்ணா," என்றாள்.

"எஃப்.சி. எடுக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போற எல்லா வண்டிக்கும் கறுப்புதாம்மா. பளபளன்னு இருந்தாதான் காட்ட நல்லாருக்கும்."

"போன தபாவும் அதான் அடிச்ச. மேல பளபளன்னு இருந்துது, உள்ள துரு தின்னுக்கினு இருந்துது. விரலால குத்தினா ஓட்டை."

"அடியில யாரும்மா பாக்கப் போறாங்க?"

"மழைத்தண்ணி பாக்கும். மொதல்ல துரு புடிக்காத எபாக்சி பிரைமர் அடி. அதுக்கு மேல கறுப்போ பச்சையோ, உன் இஷ்டம்."

"அது காயணும்மா. நாளைக்கு எஃப்.சி. தேதியை வுட்டா வண்டி நின்னுடும், சவாரி போயிடும்."

"நிக்கட்டும். பத்து பேர ஏத்திக்கினு போறப்ப இது ஒடஞ்சா, உன் பளபளப்பு வந்து தாங்குமா?"

பெயின்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரொம்பப் பிடிவாதம்மா உனக்கு."

"ஆமா."

காஞ்சிபுரத்தில் பெயின்ட் கடை எதிரே இருவரும் இறங்கினார்கள். கடை இன்னும் திறக்கவில்லை. பஸ் கிளம்பும்போது இருவரும் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.